மழையில் ஓடும்போதே நின்றுவிடும் வைப்பர்: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (யாங்கோன், மியான்மர்)

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டொயோட்டா புரோபாக்ஸ் வைத்திருக்கிறேன். அடைமழையில் வைப்பர் முதலில் ஒழுங்காக ஓடி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிச் சற்றுக் காத்திருந்தால் தானாகவே மீண்டும் ஓடுகிறது. 1970 முதல் சாலையின் வலப்பக்கம் செல்லும் நாம் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே உள்ள வண்டிகளை ஓட்டுவதால், முந்தும்போது கண்ணாடியின் இடப்பாதி தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். பட்டறையில் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியோ முழுதும் ஜப்பானிய எழுத்து. என்ன செய்யலாம்?

மறுமொழி (பெகு)

வைப்பருக்கான ஜப்பானியச் சொல்லில் நான்கு குறிகள் இருக்கும்; கடைசிக் குறி வெறும் படுக்கைக் கோடு. ஹீட்டருக்கான சொல்லும் அவ்வாறே முடியும், ஆனால் அதில் இரண்டு கோடுகள் வரும். எரிந்த ஃபியூஸ் தானாகச் சரியாகாது என்பதால் உங்கள் கோளாறு அங்கே இல்லை என்றே நினைக்கிறேன்.

மறுமொழி (மோல்மேன்)

ஐயா, மோட்டாருக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். பல வைப்பர் மோட்டார்களுக்குள் சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கும் சிறு பாதுகாப்புத் தகடு உண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறி அதையே காட்டுகிறது. அது ஏன் சூடாகிறது என்பதே கேள்வி. பெரும்பாலும் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் கைகளைத் தாங்கும் இரண்டு அச்சுகளில் கிரீஸ் வறண்டு துரு ஏறியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு, மோட்டாரிலிருந்து வைப்பர் கைகளை அசைக்கும் இணைப்புத் தண்டைக் கழற்றிய பின் வைப்பர் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். எளிதாக அசைந்தால் அச்சில் குறையில்லை; பிடித்துப் பிடித்து நகர்ந்தால் அச்சைக் கழற்றித் துருவைத் துடைத்துப் புது கிரீஸ் இட வேண்டும். எங்கள் ஊர் மழைக்கு இது வழக்கமான வேலைதான். சாவி போட்டிருக்கும்போது மட்டும் அந்தத் தண்டுகளுக்கிடையே கை வைக்காதீர்கள், விரல் நசுங்கிவிடும்.

மறுமொழி (தன்லின்)

மேலே அண்ணன் சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆயினும் அச்சு எளிதாக அசைந்தால் அடுத்து எர்த் இணைப்பை, அதாவது மோட்டாரிலிருந்து மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழியை, பார்க்க வேண்டும். அது துருப்பிடித்தால் 12 வோல்ட் முழுமையாகச் சேராமல் மோட்டார் தளர்ந்து ஓடும். மோட்டாரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் நல்ல மின்கம்பி ஒன்றைத் தற்காலிகமாக இணைத்து ஓட்டுங்கள். வேகம் கூடினால் குறை எர்த்தில்தான். இரண்டிலும் குறையில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

கண்ணாடிக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் மூடியை எப்படியும் கழற்றுவீர்கள். நீர் வடியும் துளையில் இலை அடைத்திருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள், இல்லையேல் புது கிரீஸும் சீக்கிரமே கழுவிப்போகும்.