டிஎன்ஏவில் இல்லாத தாமிரம், புரதத்தில் குறையும் துத்தநாகம்

கேள்வி:
மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் நிறப்பகுப்புக் குழலை ஐசிபி-எம்எஸ் கருவியுடன் (அணுக்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி) இணைத்து, டிஎன்ஏவுடனும் புரதத்துடனும் பிணைந்த உலோகங்களை அளக்கிறேன். டிஎன்ஏ வெளிவரும் அதே நேரத்தில் நிறை எண் 63இல் ஓர் உச்சம் எழுகிறது. தாமிரம் எதுவும் சேர்க்கவில்லை. குதிரைக் கல்லீரல் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற புரதத்தில் மூலக்கூறுக்கு நான்கு துத்தநாக அணுக்கள் இருக்க வேண்டும், பாதிகூடத் தேறவில்லை. தாங்கல் கரைசலில் டிரிஸ், சோடியம் குளோரைடு, சிறிது இடிடிஏ உள்ளன. எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
63 என்றாலே தாமிரம் என்று முடிவுகட்ட வேண்டாம் நண்பரே. டிஎன்ஏவில் ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் ஒரு பாஸ்பரஸ் இருக்கிறது. பிளாஸ்மாவில் பாஸ்பரஸ் 31 இரண்டு ஆக்சிஜன் 16உடன் சேர்ந்தால் 63 ஆகிவிடும். டிஎன்ஏ வரும்போதெல்லாம் உச்சம் எழுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆர்கான் 40உம் சோடியம் 23உம் சேர்ந்தாலும் 63தான்; உங்கள் உப்புக் கரைசல் அடிக்கோட்டையே உயர்த்தியிருக்கும். 65ஐயும் அளந்து பாருங்கள். இயற்கைத் தாமிரத்தில் 63 சுமார் 69 விழுக்காடு, 65 சுமார் 31 விழுக்காடு. 65இல் உச்சம் எழவில்லை என்றால் அது தாமிரம் இல்லை. கருவியின் மோதல் கலத்தில் (அயனிகள் வாயுவுடன் மோதும் அறை) ஹீலியம் செலுத்தினால் இத்தகைய போலி அயனிகள் பெருமளவு அடங்கும்.

மறுமொழி 2:
துத்தநாகத்துக்கு முதலில் இடிடிஏவைச் சந்தேகியுங்கள். உலோகத்தைப் பறிப்பதே அதன் வேலை. வரைபடத்தின் பின்பகுதியில், சிறு மூலக்கூறுகள் வரும் இடத்தில், துத்தநாக உச்சம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது, நன்றாகவே தெரிகிறது! மாசு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 65இல் எதுவும் எழவில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் புரதம் இழந்த துத்தநாகம் அங்கேதான் இருக்கக்கூடும். இடிடிஏ இல்லாத அம்மோனியம் அசிட்டேட் கரைசலுக்கு மாறுங்கள். அதை முன்கூட்டியே உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் கீலெக்ஸ் பிசினில் செலுத்தி உலோகங்களை நீக்கிவிடுங்கள். நெகிழிப் புட்டிகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். தூள் பூசிய கையுறைகளைத் தொடவே தொடாதீர்கள், அவற்றிலிருந்தும் துத்தநாகம் வரும். புரதம் சேர்க்காத வெறும் கரைசலையும் அதே குழலில் ஓட்டிப் பாருங்கள். பின்பகுதி உச்சம் அதிலும் வந்தால் அது புரதத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. குழலையே முதலில் கழுவ வேண்டியிருக்கும்.