புதுப்பிப்பு: மகளின் சி.ரி. ஸ்கான், குறைந்த டோஸில் எடுத்தாயிற்று

சிஸ்டிக் பைப்ரோசிஸ் (நுரையீரலில் தடித்த சளி சேரும் பரம்பரை நோய்) உள்ள 9 வயது மகளுக்குத் திரும்பவும் நெஞ்சு சி.ரி. எடுக்கச் சொல்கிறார்கள், கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது, வேறு வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"குறைந்த டோஸில் ஏலுமா என்று முதலே கேளுங்கோ" என்ற மன்னார் அக்காவின் யோசனைதான் சரிவந்தது. கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம். பெரியவர்களின் வழமையான நெஞ்சு சி.ரி.யில் கதிர்வீச்சு 5 முதல் 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகும். மகளுக்கு 1க்கும் கீழே. கதிரின் ஒரு பகுதியைத் தடுக்கும் தகர வடிகட்டி உள்ள புதிய மெஷின்களில் அளவைச் சாதாரண எக்ஸ்ரேக்குக் கிட்டவே கொண்டுவரலாமாம். படம் கொஞ்சம் பொரிபொரியாக இருந்தது. ஆனாலும் மூச்சுக்குழாய் விரிவும் சளி அடைப்பும் தெரிந்தன.

எதிர்பாராதது மூச்சுதான். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு படம், முழுக்க விட்டுவிட்டு இன்னொரு படம். காற்று சிக்கிய இடங்கள் இரண்டாவதில்தான் கறுப்புத் திட்டாகத் தெரியும். பிள்ளை நடுவில் இருமிவிட்டாள். வெளியே வாங்கில் இருத்தி, விரல் மடித்துப் பத்து எண்ணிப் பழக்கி, திரும்பக் கூட்டிப்போனோம். வீட்டிலேயே பழக்கியிருக்கலாம். கழுத்தில் போட்டிருந்த பஞ்சாயுதப் பதக்கத்தையும் கழற்றச் சொன்னார்கள், அம்மம்மாவுக்குத்தான் மனமில்லை.

சி.ரி.க்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாமே என்று எழுதிய தம்பிக்கு: அதில் கதிர்வீச்சே இல்லை, உண்மைதான். ஆனால் சின்ன மூச்சுக்குழாய்களை சி.ரி. அளவுக்குக் காட்டாது, நேரமும் கூட எடுக்கும் என்றார் டொக்டர். அடுத்தமுறை அதையும் யோசிப்போம் என்றிருக்கிறார்.