கன்ரர் 4டி33: றேடியேற்றருக்குள்ள ஒயில். ஹெட் காஸ்கெற்றோ, ஒயில் கூலரோ?

சுன்னாகம்_லொறி:
வணக்கம். மிற்சுபிசி கன்ரர், 4டி33 எஞ்சின், மனுவல் கியர். சுன்னாகம் – தம்புள்ளை மரக்கறி ஓட்டம். றேடியேற்றர் ரிசேர்வ் போத்தலுக்குள்ள கபில நிறத்தில தடிப்பா ஆடை படிஞ்சிருக்கு. தொட்டா எண்ணெய்ப் பசை. மூடியின்ர உட்பக்கமும் அதேதான். டிப்ஸ்ரிக்கில ஒயில் வழமையான கறுப்பு, வெளிறேல்லை. ஆனா ஒருக்காப் போய் வர அரை லீற்றர் அளவில குறையுது. கீழ ஒரு சொட்டும் இல்லை. சூடு ஏறேல்லை, வெள்ளைப் புகை இல்லை, இழுவையும் குறையேல்லை. கராஜில ஹெட் காஸ்கெற் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில இருக்கிற அடைப்புத் தகடு) பழுதாப் போச்சு, ஹெட்டை இறக்கவேணும் எண்டு சொல்லினம். இறக்க முதல் வேற என்ன பாக்கலாம்? வழியில தண்ணி குறைஞ்சா கிடைக்கிற கிணத்துத் தண்ணிதான் விடுறது, அதையும் சொல்லிப்போட்டன்.

கொக்குவில்_டீசல்:
ஹெட்டில கை வைக்காதேங்கோ. நீங்கள் சொல்லுற குறிகள் ஒயில் கூலரைத்தான் (எஞ்சின் ஒயிலைத் தண்ணியால ஆற வைக்கிற பகுதி) காட்டுது.

ஓடேக்க ஒயில் அழுத்தம் 3 முதல் 5 பார் வரை நிக்கும். தண்ணிப் பக்கம் றேடியேற்றர் மூடி விடுற அளவுதான், மூடியின்ர மேல்ல 0.9 அல்லது 1.1 எண்டு அடிச்சிருக்கும் பாருங்கோ. கூலர்த் தட்டில ஊசித்துளை விழுந்தா அழுத்தம் கூடின ஒயில்தான் தண்ணிக்குள்ள போகும். அதாலதான் தண்ணி கெட்டுப்போயும் டிப்ஸ்ரிக் வடிவா இருக்கு. எஞ்சினை நிப்பாட்டினா நிலைமை மாறும். ஒயில் அழுத்தம் உடன பூச்சியமாகும், சூடான தண்ணியின்ர அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு நிக்கும். அந்த நேரத்தில தண்ணி ஒயிலுக்குள்ள வரும். துளை பெருக்கப் பெருக்க இது கூடும். இப்ப ஒயில் கறுப்பா இருக்கெண்டு நம்பித் தம்புள்ளைக்கு வெளிக்கிடாதேங்கோ. கூலன்ற் கலந்த ஒயில் பெயறிங்கில பிடிப்பை இழக்கும், பிறகு கிராங்கும் சேர்ந்து போகும்.

ஹெட் காஸ்கெற்றோ, கூலரோ எண்டு வேறுபிரிச்சு அறியிறது லேசு. இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில, காலமை ஸ்ராட் பண்ண முதல் மூடியைத் திறவுங்கோ. "ஸ்ஸ்" எண்டு அழுத்தம் வெளிய வந்தா சிலிண்டரில எரிஞ்ச வாயு தண்ணிக்குள்ள போகுது எண்டு சந்தேகப்படலாம். பிறகு வாய்மட்டும் தண்ணி விட்டு, மூடி இல்லாமல் ஸ்ராட் பண்ணி றேஸ் குடுங்கோ. முதல்ல வாற கொஞ்சக் குமிழ் உள்ள தங்கின காத்து. நிக்காமல் வந்துகொண்டேயிருந்தா, இல்லாட்டி எஞ்சின் சூடாக முதலே மேல் ஹோஸ் கல்லாய் இறுகினா, ஹெட் பக்கம். ரண்டும் இல்லையெண்டா கூலர்.

ஸ்பானர்_14:
மேல சொன்னது சரி. ஒரு திருத்தம் மட்டும்: குமிழ் இல்லையெண்டதால ஹெட் முழுசா விடுபடாது. வால்வைத் திறக்கிற றொக்கருக்கு ஒயில் ஏறுற வழியும் ஹெட்டுக்குள்ளதான் போகுது. அந்த இடத்தில வெடிப்பு இருந்தா, சிலிண்டர் அழுத்தம் தண்ணிக்கு வராமலே ஒயில் மட்டும் வரும். இது அபூர்வம், ஆனா இருக்கு. அதால கூலரைக் கழட்டி ரெஸ்ற் பண்ணாமல் முடிவு கட்டாதேங்கோ.

கழட்ட முதல் ஒரு சோதனை. றேடியேற்றர் பிறெஷர் ரெஸ்ரர் இல்லாட்டி, பழைய மூடி ஒண்டில ரயர் வால்வு பூட்டி, கேஜ் உள்ள சைக்கிள் பம்பால அடிக்கலாம். உங்கட மூடியில அடிச்சிருக்கிற அளவைத் தாண்டாதேங்கோ, தாண்டினா றேடியேற்றர் ராங் பிளக்கும். எஞ்சின் இளஞ்சூட்டில நிக்கேக்க ஒயில் பில்ற்றரைக் கழட்டி, பில்ற்றர் இருக்கிற முகத்தைத் துணியால துடைச்சுப்போட்டு அழுத்தம் ஏத்தி, அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. பில்ற்றர்த் தளத்தில தண்ணி கசிஞ்சா கூலர். அங்க காய்ஞ்சிருக்க, சம்ப் பிளக்கை (அடியில ஒயில் வடிக்கிற ஆணி) தளர்த்தேக்க ஒயிலுக்கு முன்னம் தண்ணி சொட்டினா ஹெட் அல்லது பிளாக். ரண்டு இடத்திலும் ஒண்டும் வரேல்லையெண்டா துளை மிகச் சின்னன், ஒயில் அழுத்தத்துக்கு மட்டும் திறக்குது. அதுக்குக் கழட்டித்தான் பாக்கவேணும்.

ஒயிலில தண்ணி இருக்கோ எண்டு நிறத்தைப் பாத்து முடிவெடுக்கேலாது. பழைய இரும்புக் கரண்டியை நல்லாச் சூடாக்கி டிப்ஸ்ரிக்கில இருந்து ரண்டு சொட்டு விடுங்கோ. தண்ணி இருந்தா சடசடக்கும், சுத்த ஒயில் புகைஞ்சு பரவும்.

ஓட்டோ கியர் வாகனக்காரர் இதை வாசிச்சா: உங்கட றேடியேற்றருக்குள்ளயே கியர் ஒயில் கூலரும் இருக்கும். தண்ணி இளஞ்சிவப்பில நுரைச்சா முதல் அதைப் பாருங்கோ. இவற்ற லொறிக்கு அது பொருந்தாது.

சுன்னாகம்_லொறி:
நன்றி அண்ணை. குமிழ் இல்லை, மூடியில அழுத்தமும் நிக்கேல்லை. பம்பால 0.9க்கு அடிச்சு விட, பில்ற்றர் முகத்தில சின்னச் சின்னத் துளியாத் தண்ணி சேர்ந்தது. கூலர்தான். கராஜில வெல்டிங் பண்ணித் தரலாம் எண்டினம், புதுசு விலை எண்டபடியால். செய்யலாமோ? ஸ்ரொப் லீக் பவுடரும் ஒருத்தர் சொன்னார்.

கொக்குவில்_டீசல்:
பவுடர் வேண்டாம். 4 பார் ஒயிலை அது தடுக்காது, ஆனா றேடியேற்றர் ரியூப்பை அடைக்கும். வெல்டிங்கும் வேண்டாம். கூலர் எலெமென்ற் மெல்லிய தட்டுகளை அடுக்கி பிறேசிங் (வேற உலோகத்தை உருக்கி ஒட்டுறது) பண்ணினது. ஒரு துளையை மூடச் சூடு பிடிக்க, பக்கத்துப் பொருத்துகள் இளகும். அதோட ஒரு இடத்தில அரிச்சிருந்தா மற்ற இடங்களும் மெலிஞ்சுதான் இருக்கும்.

புது எலெமென்ற்தான் நல்லது. கொழும்பு பஞ்சிகாவத்தையில பாவிச்சது எடுக்கிறதெண்டா ரெஸ்ற் பண்ணாமல் காசு குடுக்காதேங்கோ. ஒரு வாயை அடைச்சு, மற்றதால சேவிஸ் மனுவல் புத்தகத்தில உள்ள அழுத்தத்துக்குக் காத்து ஏத்தி, சுடுதண்ணிக்குள்ள அஞ்சு நிமிஷம் தாட்டு வையுங்கோ. பச்சைத் தண்ணியில குமிழ் விடாதது சுடுதண்ணியில விடும். அந்தக் கூலர் பெயறிங் போன எஞ்சினில இருந்து வந்ததோ எண்டும் கேளுங்கோ. உலோகத் தூள் தட்டுகளுக்கு இடையில தங்கினா எந்தக் கழுவலுக்கும் முழுசா வராது, உங்கட எஞ்சினுக்குள்ளதான் வந்து விழும்.

பூட்டேக்க: தண்ணியும் ஒயிலும் முழுசா வடிச்சபிறகுதான் கவரைக் கழட்டுங்கோ. பழைய காஸ்கெற்றைப் பிளாஸ்ரிக் அல்லது பித்தளைத் தகட்டால சுரண்டுங்கோ. கிறைண்டர் பிறஷ் போட்டா அலுமினிய முகம் பள்ளமாகும், அதின்ர தூள் ஒயில் வழிக்குள்ள போகும். ஓ-றிங் எல்லாம் புதுசு, பூட்ட முதல் ஒயில் தடவுங்கோ. காய்ஞ்ச றிங் முறுகி ஒரு கிழமையில திருப்பி ஒழுகும். காஸ்கெற் இருக்கிற இடத்தில சிலிக்கோன் பூசவேண்டாம். பிதுங்கி உள்ள விழுற துண்டு ஒயில் வழியை அடைக்கும். கவருக்குள்ள பைபாஸ் வால்வு (கூலர் அடைச்சா ஒயிலை வேற வழியால விடுறது) இருக்கு, அழுத்தி விட்டுப் பாருங்கோ, ஸ்பிறிங் தடையில்லாமல் திரும்பவேணும். போல்ற்றை நடுவில தொடங்கிக் குறுக்குமறுக்கா, ரண்டு தரத்தில இறுக்குங்கோ. 8 மில்லி போல்ற்றுக்கு 20 முதல் 25 நியூற்றன் மீற்றர் போதும்.

றேடியேற்றர்_வேலை:
கூலர் மாத்தினதோட கன பேர் விட்டுடுவினம், ஆனா பிறகு பிழை வாறது கழுவலிலதான். பச்சைத் தண்ணியால கழுவினா ஒயில் அசையாது. தேர்மோஸ்ரற்றை (எஞ்சின் சூடாகும் வரை றேடியேற்றருக்குத் தண்ணி போகாமல் தடுக்கிற வால்வு) கழட்டிப்போட்டு, 10 லீற்றருக்கு 50 கிராம் அளவில நுரை குறைஞ்ச சலவைத்தூளைச் சுடுதண்ணியில கரைச்சு விடுங்கோ. முன்பக்கம் போடுற வோஷிங் மெஷின் தூள் பொருத்தம், நுரைக்கிற தூள் போட்டா தண்ணிப் பம்பில காத்து நிண்டு எஞ்சின் சூடேறும். 15 நிமிஷம் ஓட விட்டு, ஆற விட்டு வடியுங்கோ. வடிச்ச தண்ணியில எண்ணெய்ப் படலம் தெரியாத வரைக்கும் திருப்பித் திருப்பி. பிறகு சோப்பு போக வெறும் தண்ணியால ரண்டுதரம். கோஸ்ரிக் சோடா போடச் சொன்னா கேளாதேங்கோ, அலுமினியத்தைத் தின்னும்.

ஹோஸ்களை நசிச்சுப் பாருங்கோ. ஒயில் பட்ட றப்பர் ஊதி, தொளதொளத்து, கிளிப்புக்குப் பக்கத்தில வீங்கியிருக்கும். அப்பிடியானது எல்லாம் புதுசு. மூடியின்ர றப்பரும் அப்பிடித்தான்.

ஒயில் பக்கம்: மலிவான ஒயிலும் புதுப் பில்ற்றரும் போட்டு 15 நிமிஷம் ஐட்லிங், சூட்டோட வடிச்சு, பிறகு சரியான ஒயில், இன்னொரு புதுப் பில்ற்றர். 500 கிலோமீற்றரில கரண்டிச் சோதனையைத் திருப்பிச் செய்யுங்கோ.

கிணத்துத் தண்ணி விடுறது எண்டீங்களே, கூலர் போன காரணம் பெரும்பாலும் அதுதான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல்ல இருக்கு, தண்ணியில கல்சியம் கூட. கூலர்த் தட்டில சூட்டுக்கு அது வெள்ளையாப் படிஞ்சு தண்ணி ஓடுற இடைவெளியை அடைக்கும். கரையோரக் கிணறுகளில உப்பும் சேரும், குளோரைட் உலோகத்தைப் புள்ளி புள்ளியா அரிக்கும். கழட்டின எலெமென்ற்றை வெயிலில காய வைச்சுப் பாருங்கோ: வெள்ளைப் படிவைச் சுரண்ட, அதுக்குக் கீழ ஊசி முனை அளவு கறுப்புப் பொட்டுகள் தெரியும்.

கூலன்ற் கொன்சென்ற்றேற் வாங்கி, பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி கலவுங்கோ. றெடிமிக்ஸ் (ஏற்கெனவே கலந்து வாறது) எண்டா அதுக்குத் தண்ணி சேர்க்கக்கூடாது. லொறியில அஞ்சு லீற்றர்க் கான் ஒண்டில கலந்ததையே வைச்சிருங்கோ, வழியில கிணறு தேடத் தேவையில்லை. ரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். நிறம் பச்சையா நிண்டாலும் துருத்தடுப்பு மருந்து அதுக்கிடையில தீர்ந்துபோகும்.

சுன்னாகம்_லொறி:
எலெமென்ற்றைச் சுரண்டிப் பாத்தன். கறுப்புப் பொட்டு நாலு இடத்தில, அதில ஒண்டில ஊசி உள்ள போகுது. புதுசு சொல்லியாச்சு. கடைசியா ஒண்டு: தேர்மோஸ்ரற் இல்லாமலே ஓடினா எஞ்சினுக்கு இன்னும் குளிர்ச்சிதானே, கழட்டினபடி விடலாமோ?

ஸ்பானர்_14:
விடாதேங்கோ. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராட்டி ஒயிலுக்குள்ள வாற ஈரம் ஆவியாகாது, டீசல் சரியா எரியாமல் கரியும் கூடும். கழுவி முடிஞ்ச உடன புதுக் காஸ்கெற்றோட திருப்பிப் பூட்டுங்கோ. பூட்ட முதல் சுடுதண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ, ஒயில் ஊறின தேர்மோஸ்ரற்றில றப்பர் வீங்கி வால்வு பாதியில நிக்கும். அப்பிடியெண்டா அதுவும் புதுசு. பூட்டேக்க காத்துத் துளையில உள்ள சின்ன ஊசி மேல்ப்பக்கம் வரவேணும், இல்லாட்டி தண்ணி நிரப்பேக்க காத்து உள்ள தங்கும்.