லாம்டா, தீட்டா: சுலபமாக டைப் செய்ய வழி?

கடலூர் டியூஷன் டீச்சர்:
பிளஸ் டூ இயற்பியல் விடைகளை விண்டோஸ் லேப்டாப்பில் அடிக்கிறேன். லாம்டா, தீட்டா, ஒமேகா எல்லாமே காப்பி பேஸ்ட்தான். ஆல்ட் கீயை அழுத்தியபடி எண் அடிக்கும் முறையும் வேலை செய்யவில்லை. வேறு வழி உண்டா?

வில்லியனூர்வாசி:
ஆல்ட் எண்ணுக்குத் தனி நம்பர் பேட் வேண்டும் டீச்சர், மேல் வரிசை எண்கள் உதவாது. அப்படியே இருந்தாலும் 227 பை, 234 ஒமேகா என்று சிலதான் வரும்; லாம்டாவே கிடையாது. 225-ல் வருவது பீட்டா மாதிரி தெரியும் ஜெர்மன் எழுத்து, ஏமாந்துவிடாதீர்கள்.

செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் கிரேக்கத்தைச் சேருங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் விசைப்பலகை மாறும். எல் தட்டினால் லாம்டா, யு தீட்டா, வி ஒமேகா, சி சை. ஷிஃப்டோடு பெரிய எழுத்து. தமிழ் 99 விசைப்பலகையும் வைத்திருந்தால் மூன்றும் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு முறையும் எது வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை குமார்:
டபிள்யூ கீயைத் தொடாதீர்கள். அது சொல்லின் கடைசியில் வரும் சிக்மா. சூத்திரத்துக்கு எஸ்-தான் சரி. எச்டிஎம்எல் (வலைப்பக்கக் குறிமொழி) ஏற்கும் இடமென்றால் &, #, 955, அரைப்புள்ளி நான்கையும் இடைவெளியில்லாமல் அடித்தால் லாம்டா. தீட்டா 952, ஒமேகா 969.

கடலூர் டியூஷன் டீச்சர்:
கிரேக்க விசைப்பலகை சேர்த்தாயிற்று, லாம்டா உடனே வருகிறது. இருவருக்கும் நன்றி.