அறிகுறி: ஒரு சொல்லின் தலையில் மூன்று வேலை

வணக்கம்.

மனித நோய்களுக்கும் பயிர் நோய்களுக்கும் சேர்த்து ஒரே கலைச்சொல் பட்டியல் போடலாம் என்று ஆரம்பித்த வேலை, ‘அறிகுறி’ என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டியலில் இரண்டே கட்டம்தான். ஒன்றில் நோயின் பெயர், மற்றதில் அதன் அறிகுறி. நிரப்ப உட்கார்ந்தபோதுதான், ஒரே சொல்லின் தலையில் எத்தனை வேலையை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

மருத்துவத்தில் சிம்டம் வேறு, சைன் வேறு. நோயாளி தானே உணர்ந்து சொல்வது சிம்டம்: தலைவலி, குமட்டல், அரிப்பு, அசதி. சோதிப்பவர் கண்டுகொள்வது சைன்: கண்ணில் மஞ்சள், காலில் வீக்கம், தோலில் தடிப்பு. யார் அறிகிறார் என்பதை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

பயிர் நோயியலிலும் இதே இரண்டு சொற்கள்தான், ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. செடி தன் உடம்பில் காட்டும் மாற்றம் சிம்டம்: இலை மஞ்சளாவது, வாடுவது, புள்ளி விழுவது, வளர்ச்சி குன்றுவது. நோயை உண்டாக்கிய உயிரே கண்ணுக்குத் தெரிந்தால் அது சைன். சாம்பல் நோயில் இலைமேல் மாவு தூவியது போல இருக்கிறதே, அது இலையில் வந்த மாற்றம் அல்ல. பூஞ்சையின் இழையும் வித்தும்தான். துரு நோயில் விரலில் ஒட்டும் பொடியும் அப்படியே. மருத்துவர் கணக்கில் பார்த்தால் வாயில்லாச் செடிக்குச் சிம்டமே கிடையாது, எல்லாமே சைன்தான். கால்நடை மருத்துவர்கள் அந்த வழியில் போய்ப் பெரும்பாலும் சைன் என்றே எழுதுகிறார்கள். பயிர் நோயியலார் போகவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டு சொல் செய்தால், இந்தக் குழப்பத்தைக் கடன் வாங்கியதாகத்தான் ஆகும். பொருள் மூன்று இருக்கிறது, மூன்று சொல் வேண்டும்.

‘அறிகுறி’ வினைத்தொகை. அறிந்த குறி, அறிகிற குறி, அறியும் குறி. காலத்தை மட்டுமா மறைக்கிறது, அறிபவர் யார் என்பதையும் சொல்லாமல் விடுகிறது. பொதுச் சொல்லாக இருக்க அதுவே தகுதி. அதை அப்படியே மேலே வைத்துவிட்டு, அதே அச்சில் கீழே இரண்டு வார்க்கலாம்: நோயாளி உணர்வது உணர்குறி, பிறர் காண்பது காண்குறி. மூன்றாவதாக, நோயை உண்டாக்கிய உயிரே வெளிப்படுவதற்கு நோய்முதல் தடயம். ‘நோய்முதல்’ குறளில் இருக்கும் சொல், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. (கலைச்சொல் பேச்சில் குறளை இழுக்காமல் இருக்க நமக்கு வராது.)

இப்படிப் பிரித்தால் செடிக்கு உணர்குறிக் கட்டம் எப்போதும் காலி, மற்ற இரண்டும் உண்டு. மனிதருக்கு மூன்றும் உண்டு. மலத்தில் புழு தெரிந்தால் அது நோய்முதல் தடயம்தானே?

அடுத்தது, நோய், குறி என்ற இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கோடு. இதற்கு நாம் பெயரே வைக்கவில்லை. மலேரியா வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் காய்ச்சல் இருக்கும். காய்ச்சலோடு வருபவர்களில் எத்தனை பேருக்கு மலேரியா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதை ‘நோய்வழித் தொடர்பு’ என்றும், இரண்டாவதை ‘குறிவழித் தொடர்பு’ என்றும் சொல்லலாமா? புத்தகங்கள் முதலாவதை எழுதுகின்றன. தலைவலிக்குக் காரணம் தேடிப் பயந்து போகிறவர் இரண்டாவதைக் கேட்கிறார். ஒன்றை மற்றொன்றாகப் படிப்பதால்தான் சாதாரணத் தலைவலி மூளைக் கட்டியாகிவிடுகிறது.

சில குறிகள் ஒரே நோயை மட்டும் சுட்டும். தட்டம்மையில் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உள்கன்னத்தில் உப்புத்தூள் போல வெண்புள்ளிகள் வருவதை 1896இல் ஹென்றி கோப்ளிக் விவரித்தார். தோலில் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே இவை தோன்றும். இத்தகையதைப் பேத்தோக்னோமானிக் என்கிறார்கள். வாயில் நுழையவில்லை. ‘அறுதிக்குறி’ என்று வைத்திருக்கிறேன்.

சேர்ந்தே வரும் குறிகளின் கூட்டமான சின்ட்ரோமுக்குக் ‘குறித்தொகை’. சங்க இலக்கியத்தில் விட்டுப்போன ஒன்று போல ஒலிக்கிறது என்று கேலி வரும், வரட்டும். எய்ட்ஸ் 1981இல் குறிகளின் கூட்டமாகத்தான் தெரிய வந்தது. 1983இல்தான் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. காரணம் தெரியும் முன்பே குறிகளைக் கூட்டிப் பெயர் வைக்கிற தேவை இருக்கிறது என்பதற்கு இது போதும்.

திருத்துங்கள், திட்டுங்கள்.

——

மறுமொழி

வணக்கம் ஐயா. மருத்துவப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம்.

இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு ஒலி, கைக்குத் தட்டுப்படும் மண்ணீரல் வீக்கம், இவையும் சைன்தான். இவற்றை எப்படிக் ‘காண்’பது? இரண்டாவது, காய்ச்சல். நோயாளி உடம்பு சுடுகிறது என்கிறார், வெப்பமானியும் அதையே காட்டுகிறது. எந்தக் கட்டத்தில் போடுவது?

மூன்றாவது, ‘அறுதிக்குறி’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வெண்புள்ளி இருந்தால் தட்டம்மை என்று சொல்லலாம். இல்லாவிட்டால் தட்டம்மை இல்லை என்று சொல்ல முடியாது, எல்லாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. ‘அறுதி’ என்றால் இரண்டு பக்கமும் முடிந்த பேச்சு என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், உங்கள் பட்டியலில் மஞ்சள் காமாலையை நோய்ப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். அது காண்குறி. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராமைத் தாண்டும்போது கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும், கல்லீரல் அழற்சி வந்தாலும், பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் தெரிவது அதே மஞ்சள்தான்.

——

மறுமொழி

பயிர் நோயியல் படித்தவள் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். காமாலைக்கு வந்த சிக்கல் எங்களுக்குத் தினமும் வருவது. வாடல் நோயின் அறிகுறி வாடல், இலைப்புள்ளி நோயின் அறிகுறி இலைப்புள்ளி! ஆனால் வாடலுக்குப் பூசணமும் காரணமாகலாம், பாக்டீரியாவும் காரணமாகலாம், வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடாகவும் இருக்கலாம். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஓர் இழை நீரில் இறங்கும். நோய்முதல் தடயம் என்றால் அதுதான். தானாக வெளியே வராது, வரவழைக்க வேண்டும். ‘தடயம்’ காவல் நிலைய வாடை அடிக்கிறது என்று சொல்ல நினைத்தேன், இந்தச் சோதனையை நினைத்ததும் பொருத்தம்தான் என்று தோன்றிவிட்டது.

வைரஸ் நோய்களில் தடயக் கட்டமும் காலியாகத்தான் இருக்கும். நெல் துங்ரோவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் இலையும் குட்டை வளர்ச்சியும் தெரியும், வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் இரண்டு வைரஸ்கள். ஒன்று முக்கியமாக அறிகுறியை உண்டாக்குகிறது, மற்றது பச்சைத் தத்துப்பூச்சி வழியாக நோய் பரவ உதவுகிறது. காண்குறியிலிருந்து நோய்முதலுக்கு ஒற்றைக் கோடு போட்டால் இங்கே தப்பாகிவிடும்.

‘இலை மஞ்சளாதல்’ என்று மட்டும் பட்டியலில் எழுதாதீர்கள். தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி அந்தச் சத்தை அவற்றிலிருந்து இளம் இலைகளுக்கு நகர்த்திக்கொள்கிறது. இரும்புச் சத்து அப்படி எளிதில் நகராது, ஆகவே நுனியிலுள்ள இளம் இலைகள்தான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். குறி ஒன்று, இடம் வேறு, காரணம் வேறு.

——

மறுமொழி

இருவருக்கும் நன்றி.

‘காண்’ பற்றி: தமிழில் தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், நாடியும் பார்க்கிறோம். கண்ணுக்கு வேலையே இல்லாத இடத்திலும் ‘பார்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘காண்’ என்பதும் கண்ணோடு நிற்பதில்லை, ‘விடை காண்’ என்கிறோமே. இதய ஒலியும் காண்குறியாக இருக்கட்டும் மருத்துவர் அம்மா.

காய்ச்சலை இரண்டு கட்டத்திலும் போடுகிறேன். உடம்பு சுடுவது உணர்குறி, வெப்பமானியின் அளவு காண்குறி. அளவு சாதாரணமாக இருந்தும் காய்ச்சல் அடிக்கிறது என்பவர் உண்டு, அதிகமாக இருந்தும் உணராதவர் உண்டு.

‘அறுதிக்குறி’யை எடுத்துவிடுகிறேன். ‘ஒருநோய்ச்சுட்டு’ எப்படி? இருந்தால் ஒரு நோயைச் சுட்டும், இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கொஞ்சம் நீளம், வேறு கிடைத்தால் சொல்லுங்கள். காமாலையைக் காண்குறிப் பக்கம் மாற்றியாயிற்று. வாடல், இலைப்புள்ளி இரண்டையும் இன்னும் மாற்றவில்லை. நோய்ப் பெயரிலிருந்து அவற்றை எடுத்தால் பயிர்ப் பட்டியலில் நிறைய வரி பெயரில்லாமல் நிற்கும். காண்குறிக் கட்டத்தில் ‘எந்த இலை, எந்தப் பக்கம்’ என்று ஒரு துணைக்கட்டம் சேர்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.