கம்பெனி பொருளுக்கு விளம்பர ஃபோட்டோ, ரீல் எடுக்குறவங்களே, ஷூட் போன எடத்துல மனசுல மாட்டிக்கிட்ட ஒரு ஆள், ஒரு நிமிஷம், சொல்லுங்க

மலைக்குருவி:
கொழுக்குமலை, போன டிசம்பர், ஜாக்கெட் ஷூட். வழக்கம்போல சாம்பிள் பீஸ்தான், டேக் கிழியாம திருப்பி கூரியர் பண்ணணும், அதனால டேக்க ஜாக்கெட் கைக்குள்ள மடிச்சு டேப் ஒட்டியிருந்தேன். சைஸ் வேற பெருசு, முதுகுப் பக்கம் நாலு கிளிப் போட்டு இறுக்கி... உங்களுக்குத் தெரியாததா. மாடலுக்கு பட்ஜெட் இல்ல, நானே டைமர் வெச்சு நின்னேன். சூரியநெல்லில விடியக்காலம் நாலு மணிக்கு ஜீப் ஏறி குலுங்கிக் குலுங்கி மேல போனா, கீழ தேனி பக்கம் பூரா மேகம். ஜீப் ஓட்டுன அண்ணன்தான் ரிஃப்ளெக்டர் புடிச்சாரு. ஒரு சால்வ, ஹவாய் செருப்பு, அவ்ளோதான். வெளிச்சம் நல்லா இருக்குற அந்த பத்து நிமிஷத்துல காத்தடிச்சு டேக் வெளிய வந்து ஆடுது. கிட்ட வந்து ரெண்டு விரல்ல புடிச்சு, கண்ண சுருக்கி வெலய படிச்சாரு.

“பதிமூணாயிரமா தம்பி?”
“ஆமாண்ணே.”
“உனக்கே குடுத்துருவாங்களா?”
“இல்லண்ணே, திருப்பி அனுப்பணும்.”

முதுகுல இருந்த கிளிப்ப எட்டிப் பாத்தாரு. “அப்ப உனக்கும் குளிருதா?”

குளிருச்சுங்க. கிளிப் போட்ட எடத்துல எல்லாம் காத்து பூந்துச்சு. கீழ வந்து ‘எந்தக் குளிரா இருந்தாலும் கதகதப்பு’ன்னு கேப்ஷன் எழுதி அனுப்புனேன்.

அட்டகடி:
எனக்கு ஷூ. வால்பாறைல மழைல அட்டைக்கு நடுவுல ரெண்டு நாள் எடுத்த ரீல், நல்லா ஓடுச்சு. நாலு மாசம் கழிச்சு ஒரு பையன் மெசேஜ், அண்ணா உங்க ரீல் பாத்துதான் வாங்குனேன், வெள்ளியங்கிரி ஆறாவது மலைல சோல் பிரிஞ்சிருச்சுன்னு. கூடவே ஃபோட்டோ, சோல வேட்டித் துணில கட்டியிருக்கான். திட்டியிருந்தாகூட பரவால்ல, கடைசில ‘சூப்பர் வீடியோண்ணா’ன்னு வேற போட்டிருந்தான். இன்னும் ரிப்ளை பண்ணல.

லென்ஸ்துடைப்பான்:
@அட்டகடி வெள்ளியங்கிரிக்கு ஷூ போட்டுட்டுப் போன்னு யாரு சொன்னா, எங்க ஊர்ல எல்லாம் மூங்கில் தடியும் வெறுங்காலும்தான். ஆனா தப்பு உன்னோடதுதான். ரெண்டு நாள் நடந்துட்டு ‘நான் நம்புற ஷூ’ன்னு சொன்ன பாரு. காசு வாங்கி போட்டா விளம்பரம்னு லேபிள் போடணும்னு விளம்பரத் தரத்தப் பாக்குற அமைப்பு ஏ.எஸ்.சி.ஐ. 2021லயே சொல்லியாச்சு, போட்டியா?

@மலைக்குருவி சாம்பிள திருப்பி அனுப்புனதுல ஒரு நல்லது, அது உன் வருமானத்துல வராது. பார்ட்டர்ல, அதாவது காசுக்குப் பதிலா, பொருள வெச்சுக்கிட்டா, 2022 ஜூலைல இருந்து ஒரே கம்பெனிகிட்ட வருஷத்துக்கு 20,000 ரூவா தாண்டுனா 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கிற வருமான வரி, எனக்கு ஒரு டென்டுக்கு வந்துச்சு. அப்புறம் யூசேஜ், அதாவது நம்ம படத்த எப்படிப் பயன்படுத்துவாங்கன்னு, எழுதி வாங்குங்கப்பா, எத்தன மாசம், பெய்ட் ஆட்ல ஓட்டுவாங்களா, ஹோர்டிங்ல போடுவாங்களா. ‘நிரந்தர உரிம’ன்னு ஒரு வரி நடுவுல இருக்கும், அத அடிச்சுட்டு கையெழுத்து போடு. மலைல பேட்டரிய உள்சட்டைப் பாக்கெட்ல வை, குளிர்ல சீக்கிரம் எறங்கிரும். ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கேமராவ ஜிப் கவர்ல மூடிரு, கொடைக்கானல்ல நேரா ஹீட்டர் ரூமுக்குள்ள கொண்டு போய் லென்ஸ் உள்ள பனி கோத்து ஒரு காலை ஷூட்டே போச்சு எனக்கு.

அட்டகடி:
லேபிள் போட்டேன்யா. லேபிள் போட்டா சோல் பிரியாதா? இங்க டிப்ஸ் யாரு கேட்டா உன்ன?

மலைக்குருவி:
சண்ட வேணாம்பா. அந்த அண்ணன் ரிஃப்ளெக்டர் புடிச்சு நிக்கிற ஃபோட்டோ ஒண்ணு இருக்கு, வெளிச்சம் திரும்பி அவரு மூஞ்சிலயே விழுந்திருக்கு, அந்த ஷூட்ல அதுதான் நல்ல ஃப்ரேம். பிரின்ட் போட்டு வெச்சிருக்கேன், நம்பர் வாங்காம வந்துட்டேன். பொங்கல் லீவுக்கு யாராச்சும் சூரியநெல்லி பக்கம் போறீங்களா?