வேகத்தடைக்கு மனு: போலீஸுக்கா, நெடுஞ்சாலைத் துறைக்கா?

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு பள்ளிக்கூட முக்கு. வண்டிகள் வேகம் குறைப்பதே இல்லை. ஸ்டேஷனில் கேட்டால் பேரிகார்டு வைக்கலாம் என்கிறார்கள். நிரந்தரத் தடைக்கு யாரிடம் போகணும்?

பதில் 1: முதலில் சாலை யாருடையது என்று பாருங்க: மாநில நெடுஞ்சாலைத் துறையா, நகராட்சியா, ஊராட்சியா? தடை, பலகை, கோடு எல்லாம் சாலைக்காரர் பொறுப்பு. வேகச் சோதனை, விபத்துப் பதிவு போலீஸ் வேலை. பேரிகார்டு தற்காலிகம்தான், ஒளிரும் பட்டை இல்லாவிட்டால் ராத்திரி அதிலேயே பைக் மோதும்.

பதில் 2: தடை வந்தாலும் அளவைப் பாருங்க அண்ணாச்சி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டி 1988 பதிப்பில் சொன்னது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, கறுப்பு வெள்ளைப் பட்டை. ஒரு மீட்டர் அகலத்தில் கூன் மாதிரி கட்டினால் பைக்கில் பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்படுவார். நம்ம ஊருக்கு இரண்டு பருவமழை. ஓரத்தில் தண்ணீர் போக வழி விடாவிட்டால் தடையை ஒட்டியே குழி விழும்.

பதில் 3: பெரிய ஓட்டை விபத்துப் பதிவில். விபத்து விவரம் பதியும் ஈ-டார் செயலியில் போலீஸ் இடத்தைக் குறித்தால்தான் சாலைப் பொறியாளர் ஆய்வுக்கு வருவார். ஸ்டேஷனில் உட்கார்ந்து குறித்தால் புள்ளி ஸ்டேஷனில் விழும்! காரணம் "அதிவேகம்" என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்குச் சரிசெய்ய ஒன்றுமில்லை. மறைக்கும் மரம், எரியாத விளக்கு எல்லாம் பதிவாகணும். மனுவைத் திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் கொடுங்க, சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு என்று எழுதி. அங்கே இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்காரும்.